கிண்ணங்கள் இருந்த அறை

“பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் போன வைத்தியலிங்கம் இன்னும் வரவில்லை. மனோன்மணி பெஞ்சில் உட்கார்ந்தபடி கணவர் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் அவருடைய மழைக்கோட்டு, அதற்கு மேல் அவளுடைய கைப்பை, பைக்கு மேல் இரண்டு கைகள். பாத்ரூம் கீழ்த்தளத்தில் எங்கோ இருக்கிறது. வயசான மனுஷன் படியிறங்கிப் போய்ப் படியேறி வரவேண்டும், முட்டிவலி வேறு, நேரமாகத்தான் செய்யும். அப்படித்தான் முதலில் நினைத்தாள். பிறகு அந்தச் சொல் வந்து தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுகொண்டது. வந்துடறேன் என்றார். வர்றேன் என்று சொல்லவில்லை. சர்க்கரை ஆலையில் கெமிஸ்டாக இருந்த காலத்தில் ஷிப்டுக்குக் கிளம்பும்போது வர்றேன் என்பார். சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் சைக்கிள் வாசலில் வந்து நிற்கும். ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், இங்கதான், முக்கு வரைக்கும், வந்துடறேன் என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். நடுவில் வரும் அந்த ஒரு ‘ட’ போதும் அவளுக்கு. சோற்றில் தண்ணீர் ஊற்றிவிடலாம். முப்பது வருஷம் அந்த ‘ட’வைக் கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. அவர் குடியை விட்டு நாலு வருஷமாகிறது. இந்த நாலு வருஷத்தில் எத்தனை தடவை வந்துடறேன் என்று சொல்லியிருக்கிறார், பால் வாங்கப் போகும்போதுகூடச் சொல்கிறார், சொல்லிவிட்டுப் பாலோடு வருகிறார், எல்லோரும்தான் அப்படிப் பேசுகிறார்கள், அவளே பேசுகிறாள். தெரியும். தெரிந்து என்ன செய்ய. காது கேட்பதைக் கேட்டுவிடுகிறது, அறிவு பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவருகிறது.

வெளியே மழை. காலையிலிருந்து விடாமல், சத்தமே இல்லாத ஒரு மழை. இந்த ஊரில் மழைக்குக்கூட அதிர்ந்து பேசத் தெரியவில்லை. மகள் எழிலரசி ஜெர்மனிக்கு வேலைக்கு வந்து வெகுநாளைக்குப் பிறகு அம்மாவையும் அப்பாவையும் வரவழைத்திருந்தாள். வந்த மூன்று வாரமும் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு விமானம். இன்றைக்கு ஆபீஸில் தலையைக் காட்டியே ஆகவேண்டும் என்று சொல்லி, பக்கத்துத் தெருவில் இருந்த இந்த மியூசியத்தில் இரண்டு பேரையும் கொண்டுவந்து விட்டாள். “உள்ள கதகதன்னு இருக்கும்மா, பெஞ்சு போட்டிருக்கான், பாத்துக்கிட்டு இருங்க, மத்தியானம் வந்து கூட்டிட்டுப் போறேன்.” பெஞ்சு இருந்த அறையாகப் பார்த்து மாடியில் உட்காரவைத்து, சுவரில் இருந்ததைப் படித்துச் சொன்னாள். “எல்லாம் பழைய கிரேக்கக் கிண்ணம்மா. ரெண்டாயிரத்தைந்நூறு வருஷம் ஆச்சாம். ஒயின் குடிக்கிறது.” சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனோன்மணிக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. பாஸ்போர்ட்டு, விசா, ஏழு கடல் தாண்டல், எல்லாம் செய்து கடைசியில் அவளைக் கொண்டுவந்து உட்காரவைத்திருப்பது குடிகாரன் கிண்ணத்துக்கு முன்னால். அகலமாக, ஆழமில்லாமல், ஒற்றைக்காலில் நிற்கும் கிண்ணங்கள். இரண்டு பக்கமும் காது மாதிரி பிடி. மினுமினுக்கும் கறுப்பில் பூந்தொட்டி நிறத்தில் ஆட்கள், மெத்தையில் சாய்ந்து குடிப்பவர்கள், குழல் ஊதும் பெண்கள், ஆடுகிறவன், தடியை ஊன்றித் தள்ளாடுகிறவன். சில கிண்ணங்களின் வெளிப்பக்கம் இரண்டு பெரிய கண் எழுதியிருந்தது. குடிக்கத் தூக்கினால் குடிப்பவன் முகம் மறைந்து அந்தக் கண்கள் எதிரே இருப்பவரை முறைக்குமாம், எழில் சொன்னாள். அதைச் சொல்லித்தான் தெரியவேண்டுமா. அவள் வீட்டில் கிண்ணமில்லை, எவர்சில்வர் டம்ளர். கல்யாணத்துக்கு அப்பா பேர் வெட்டிக் கொடுத்தது, வி. மனோன்மணி என்று. அதில்தான் குடிப்பார். ஏன் அதில் என்று ஒருநாள்கூட அவள் கேட்கவில்லை. குடித்து முடித்ததும் அவள்தான் புளி போட்டுத் தேய்ப்பாள், தேய்த்துவிட்டு மூக்கில் வைத்துப் பார்ப்பாள், போகாது, மறுபடி தேய்ப்பாள். ஆலையில் வேலை செய்பவன்மேல் எப்போதும் கழிவுப்பாகு வாசனை இருக்கும், புளித்த வெல்லம் மாதிரி, சட்டையில், தலைமுடியில், தலையணையில். அரவை நடக்கிற மாதங்களில் அந்தக் குவார்ட்டர்ஸ் தெருவுக்கே அந்த வாசனைதான். அந்தப் பாகு நாற்றத்துக்கு அடியில் பிராந்தி நாற்றம் இருக்கிறதா இல்லையா என்று பிரித்துக் கண்டுபிடிக்க அவள் மூக்கைப் பழக்கியிருந்தாள். புதுசாகக் கல்யாணமாகி வந்த பெண்கள் கோலம் பழகுகிற மாதிரி. இங்கே நுழையும்போது கீழே காபிக்கடை ஒன்றைப் பார்த்தாள். காலை வேளையில் ஒரு தம்பதி கேக்கும் ஒயினும் வைத்துக்கொண்டு, ஏதோ கோயில் பிரசாதம் சாப்பிடுகிற சாந்தத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அவள் அதைப் பார்த்தாள். உடனே அவர் அதைப் பார்க்கிறாரா என்று பார்த்தாள். பார்த்தார். பாத்ரூமும் கீழேதான் இருக்கிறது. காபி குடிங்கப்பா என்று எழில் கையில் கொஞ்சம் யூரோவும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

போய்ப் பார்க்கலாம். பார்க்கலாம்தான், ஆனால் இவள் ஒரு படியில் இறங்கும்போது அவர் வேறு பக்கமாக ஏறி வந்துவிட்டால் இரண்டு பேரும் மாறிமாறித் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான், பாஷையும் தெரியாது, அவர் போனில் இந்த ஊர் சிம்கூட இல்லை. அதெல்லாம் சரி, நிஜம் அதுவல்ல. போய்ப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்திருந்தது. பார் வாசலில், பஸ் ஸ்டாண்டு கழிப்பறை வாசலில், ஆலை கேட்டில், ஒருமுறை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் கரும்பு லாரி டிரைவர்களோடு. போய்ப் பார்ப்பவளுக்கு என்று ஒரு நடை உண்டு. வேகமாகவும் போகக்கூடாது, அழுதுகொண்டும் போகக்கூடாது, காய்கறி வாங்கப் போகிறவள் மாதிரி போகவேண்டும். அந்த நடையை நடக்க இன்றைக்குக் காலில் தெம்பில்லை. உட்காரவும் முடியவில்லை. எழுந்து, மழைக்கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு அறையைச் சுற்ற ஆரம்பித்தாள். மூலையில் தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. கிளம்புவதற்கு முன்னால் வைத்தியலிங்கம் அதன் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார், முதுகைக் காட்டிக்கொண்டு, வெகுநேரம். திரும்பியபோது கழுத்து சிவந்திருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல்தான் அந்த வந்துடறேனைச் சொன்னார். அப்படி என்ன இருக்கிறது இதில், ஒயின் வழிகிற படமா, தாகம் கிளப்புகிற படமா என்று கிட்டே போனாள். கிண்ணத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள், உள்பக்கம் தெரிகிற மாதிரி. உடைந்து ஒட்டிய கோடுகள் நரம்பு மாதிரி ஓடின. நடு அடியில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் இரண்டு பேர். தாடி முளைக்கத் தொடங்கிய ஒருவன், ஒரு கை தடியில், குனிந்து வாந்தி எடுக்கிறான். வாயிலிருந்து விழுவதைக்கூட மெல்லிசாக எழுதியிருந்தான் எழுதியவன். எதிரே, கட்டையாக முடி வெட்டிய ஒரு பெண் நின்று அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்குப் போய்விட்டாள் போலிருக்கிறது. அறையைக் காவல் காக்கிற பெண்மணி, நீலக்கோட்டு போட்ட கனத்த உடம்புக்காரி, செருமிக்கொண்டே வந்தாள். கோபமில்லை. கொஞ்சம் தள்ளி என்று கையைக் காட்டினாள். பிறகு, இந்தப் புடவைக்காரிக்கு இது பிடித்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டாளோ என்னவோ, இல்லாத கிண்ணம் ஒன்றை இரண்டு கையிலும் பிடித்து வாயருகே கொண்டுபோய்க் குடித்துக் காட்டினாள். இன்னொரு மடக்கு. இன்னொரு மடக்கு. அப்புறம் கண்ணை அகல விரித்து, காலியான கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்து, “ஓ!” என்றாள். மனோன்மணிக்குப் புரிந்தது. ஒயின் நிறைந்திருக்கும்வரை படம் தெரியாது. குடித்து முடித்தவனுக்குத்தான் அடியில் இது தெரியும், நீ இப்படித்தான் ஆகப்போகிறாய் என்று. காவல்காரி அந்தப் பெண் உருவத்தைச் சுட்டி ஏதோ ஒரு சொல் சொன்னாள். மனைவி என்றாளோ, வேலைக்காரி என்றாளோ, வேறு எதுவோ. மனோன்மணி தமிழிலேயே பதில் சொன்னாள். “நல்லாத்தான் புடிச்சிருக்கா.” காவல்காரி அதற்குத் தலையாட்டிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விட்டாள்.

நல்லாத்தான் பிடித்திருந்தாள். அதுதான் ஆச்சரியம். தெரியாதவர்கள் பிடரியைப் பிடிப்பார்கள். பிடரியைப் பிடித்தால் ஆள் முன்னால் சரிந்துவிடுவான், மூக்கில் ஏறும். நெற்றியில் உள்ளங்கையை வைத்து, பாரம் முழுவதையும் அந்தக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். காலைக் கொஞ்சம் அகட்டி நிற்கவேண்டும், இல்லாவிட்டால் புடவையில் தெறிக்கும். இந்தப் பெண் அப்படித்தான் நின்றாள். இதை எழுதியவன் எங்கோ பார்த்திருக்க வேண்டும், இல்லை அவனையே யாரோ பிடித்திருக்க வேண்டும். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை, கீழே பார்க்கிறாள், முடிந்துவிட்டதா இன்னும் இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை. அருவருப்பு இல்லை, பாசமும் இல்லை, கருணை என்று எழில் சொல்லக்கூடும், படித்த பெண், ஆனால் அது கருணையும் இல்லை, மனோன்மணிக்குத் தெரியும், அது வேலை. லால்குடியில் அண்ணன் மகள் கல்யாணத்தன்று மண்டபத்துக்குப் பின்னால், எச்சிலிலை குவித்திருந்த இடத்தில், அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு அவள் இப்படி நின்றிருக்கிறாள். உள்ளே நாதஸ்வரம் கெட்டிமேளத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. அட்சதை அவள் இடதுகையில் இருந்தது, வலதுகை அவர் நெற்றியில். கெட்டிமேளம் கொட்டினபோது என்ன செய்வதென்று தெரியாமல் அட்சதையை அங்கேயே, அவர் முதுகுமேல் போட்டுவிட்டாள். தண்ணீர் எடுக்க வந்த ஒரு சொந்தக்காரி பார்த்துவிட்டு “பித்தம் போல” என்றாள். “ஆமாங்க, பித்தம், காலைல ஒண்ணும் சாப்பிடலை” என்றாள் இவளும். முப்பது வருஷமாக உறவு முழுக்க அதைப் பித்தம் என்றே சொல்லிக்கொடுத்து நடத்தியாயிற்று. வயலூர் முருகனுக்கு முடி இறக்கியாயிற்று, கயிறு மந்திரித்தாயிற்று, எழில் பத்தாவது படிக்கும்போது அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அன்றைக்கு அவரும் கூடச் சேர்ந்து அழுதார், அழுத களைப்புக்கு அன்றிரவு இன்னும் கொஞ்சம் குடித்தார். எதற்கும் நிற்கவில்லை. நின்றது ஒரு பல்லுக்காக. கடைவாய்ப்பல் பிடுங்கின டாக்டர், ஒரு வாரத்துக்கு அந்தப் பழக்கம் வேண்டாம் சார், ரத்தம் நிக்காது என்றார். சரி என்று நிறுத்தினார். அந்த வாரம் முடிந்தது, அடுத்த வாரம் வந்தது, அவர் கேட்கவில்லை, அப்படியே நாலு வருஷம். எல்லோரும் உன் பொறுமைக்குக் கிடைத்த பலன் என்றார்கள். என் பொறுமைக்கு இல்லை, பல்லுக்கு என்று அவளுக்குச் சொல்லத் தோன்றும். சாமிக்காக விட்டிருந்தால் சாமிமேல் பாரத்தைப் போடலாம். மகளுக்காக விட்டிருந்தால் மகளைக் காட்டி மிரட்டலாம். பல்லுக்காக விட்டவனை எதைச் சொல்லிப் பிடித்து வைப்பது. ஒரு பல்லில் நின்றது இன்னொரு பல்லில் தொடங்காதா. அதனால் அவர் வெளியே போய் வந்தால் காலரைச் சரி செய்கிற மாதிரி கிட்டே போவாள். மப்ளரை இழுத்துவிடுகிற மாதிரி, தோளில் தூசி தட்டுகிற மாதிரி. ஒரு மூச்சு இழுத்தால் போதும். நாலு வருஷமாக ஒன்றும் இல்லை, இல்லை, இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் அப்பாடா என்று இருக்கும், அடுத்த தடவை வரைக்கும்.

நேற்று எழில் துணி மடித்துக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “நீ மட்டும் இரும்மா. விசா இன்னும் இருக்கு. ரெண்டு மாசம்.” “எதுக்குடி, இங்க எனக்கு என்ன வேலை?” “ஒரு வேலையும் இல்லம்மா. சமைக்கக்கூட வேண்டாம். தூங்கு.” தூங்கு என்று அதுவரை அவளிடம் யாரும் சொன்னதில்லை, இப்படி ஒரு பட்சணத்தை எடுத்துக் கையில் வைக்கிற மாதிரி. “அப்பா?” என்றாள். “அப்பா பெரியவர்தானே. பாத்துக்குவார். நாளைக்குச் சொல்லிடும்மா, டிக்கெட் மாத்தணும்” என்றாள் எழில். அந்த நாளை இதுதான். தூக்கம் என்றால் அவளுக்கு என்ன என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. குவார்ட்டர்ஸில் இரும்பு கேட்டுக்கு ஒரு கொக்கி உண்டு. தெளிவாக வந்தால் ஒரே டக். குடித்து வந்தால் கொக்கி தேடும், டக், டக், டக். அந்தச் சத்தத்துக்காக ஒரு காது முழித்தே இருக்கும். இப்போது கொக்கி இல்லை, கேட்டில்லை, ரிட்டயராகி வாங்கின வீட்டுக்குத் தாழ்ப்பாள்தான், ஆனாலும் அந்தக் காது தூங்க மாட்டேன் என்கிறது. பிரிட்ஜ் உறுமினால் விழிப்பு, அவர் புரண்டால் விழிப்பு, அவர் புரளாவிட்டால் ஏன் புரளவில்லை என்று விழிப்பு. உடம்பெல்லாம் மணல் மூட்டை மாதிரி ஒரு களைப்பு. இரு என்றால் இருந்துவிடலாம். ஆனால் அவர் அங்கே தனியாக, பூட்டின வீட்டைத் திறந்துகொண்டு, ஒரு சாயங்காலம், கேட்பாரில்லை. போனால் போகிறது என்று விட முடியுமா. விட்டால் நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால், நீ விட்டுட்டுப் போனதால்தான் என்று வராதா. மற்றவர்கள் சொல்வது இருக்கட்டும், அவளுக்கே வராதா. இப்போது கீழே அந்தக் காபிக்கடையில் அவர் உட்கார்ந்திருப்பார். கேக் வாங்கியிருக்க மாட்டார். கண்ணாடி டம்ளரில் ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு. வேர்த்திருக்கும் மேலுதடு. இன்னும் கொஞ்ச நேரத்தில் படியில் கால் இடறும் சத்தம் கேட்கும். எழில் வந்து பார்ப்பாள். அவமானம்தான், இருக்கட்டும், எழிலுக்குப் புதுசா. டாக்ஸியில் ஏற்றிப் படுக்கவைக்கலாம். நாளைக்குக் காலையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்போது அவள் எல்லாருக்கும் முன்னால் சொல்லலாம், போதும், நீங்க போங்க, நான் வரலை. ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. அவளும் தன்னை ஒன்றும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்காது. படுத்தால் தூங்கலாம். குடிச்சிருக்கட்டும், என்றது மனசு. சத்தமாகச் சொன்ன மாதிரி இருந்தது. காவல்காரியைத் திரும்பிப் பார்த்தாள், அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடிச்சிருக்கட்டும் என்றா நினைத்தேன். எந்த வாயால் முருகனிடம் கேட்டாளோ அந்த வாய்க்கு உள்ளேயிருந்தா. காது மடல் இரண்டும் சூடாயின. சே, அப்படி இல்லை, களைப்பு, பசி, காலையில் அந்த ரொட்டி இறங்கவில்லை. ஆனால் நினைப்பு போகவில்லை. அது அப்படியே, உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்துவிட்ட விருந்தாளி மாதிரி, நடுக்கூடத்தில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் மனோன்மணி மாடிப்படி வாசலை நோக்கி நடந்தாள்.

வாசலைத் தாண்டினதும் இருந்தார். தேட வேண்டியிருக்கவில்லை. மாடிப்படியின் மேல்படியில், சுவரோரமாக, ஒரு கால் ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

“இங்கயா இருக்கீங்க? எவ்வளவு நேரமா?”

“கொஞ்ச நேரமா.”

“உள்ள வர்றதுக்கு என்ன? நான் அங்க வாசலையே பாத்துக்கிட்டு…”

“வந்தேன். வாசல் வரைக்கும் வந்தேன்” என்றார். “நீ அந்தக் கிண்ணத்துக்கு முன்னால நின்னுக்கிட்டிருந்தே. அந்தம்மா என்னமோ குடிச்சுக் காட்டிட்டிருந்தா. உள்ள வர முடியலை.”

ஒரு பள்ளிக்கூடக் கும்பல் கீழே இரைச்சலாகப் போனது, யாரோ உஷ் என்றார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கை தானாகப் போயிற்று, மப்ளர் நுனி ஒருபக்கம் தொங்கியது, இழுத்துச் சரி செய்கிற மாதிரி முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். முரட்டுத்தனமாக இல்லை.

“ஊதட்டுமா?” என்றார்.

“என்னது?”

“சுத்தி வளைச்சு ஏன் மோந்து பாக்குறே. நாலு வருஷமா பாக்குறே. காலர், மப்ளர், தோள்ல தூசி. எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே?” வாயைத் திறந்து, போலீஸ்காரன் கருவியில் ஊதுகிற மாதிரி, அவள் முகத்துக்கு நேரே ஊதினார். சூடாக இருந்தது. பசித்த வயிற்றின் காரல், காலையில் தின்ற வெண்ணெய், பல் போன இடத்தின் பழைய வாசனை. வேறு ஒன்றும் இல்லை. இல்லை. அவள் அப்பாடாவுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. அதற்குப் பதில் நெஞ்சுக்குள் என்னவோ தொப்பென்று உட்கார்ந்தது, கைநீட்டி வாங்கப் போன பொருளை யாரோ திரும்ப எடுத்து வைத்துக்கொண்ட மாதிரி. அதை மறைக்க முகத்துக்கு நேரமில்லை.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆலை லேபில் சோதனைக்குழாயைத் தூக்கிப் பார்த்த கண். “ஏமாந்துட்டியா?” என்றார் மெதுவாக.

அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். முப்பது வருஷம் பித்தம் என்று சொன்ன வாய்க்கு இது பெரிய விஷயமில்லை. “ஆமா” என்றாள். சொன்ன பிறகு அழுகை வரும் என்று நினைத்தாள், அதுவும் வரவில்லை, ஒரு கொட்டாவிதான் வந்தது. “எழில் என்னை ரெண்டு மாசம் இருக்கச் சொல்றா. நீங்க குடிச்சிருந்தா சுலபமா இங்கயே இருந்திருப்பேன்.”

“ம்.”

“கோவமா?”

“கோவப்பட எனக்கு என்ன இருக்கு.” ஷூவை எடுத்துக் காலில் நுழைக்கப் பார்த்தார். குதிகால் ஏறவில்லை, அப்படியே விட்டார். “கீழ அந்தக் காபிக்கடை வாசல்ல கொஞ்ச நேரம் நின்னேன். அதையும் சொல்லிடறேன். நின்னேன், அவ்வளவுதான். அந்தப் படம் கண்ணுலயே இருந்துச்சு.” அறை வாசலைத் திரும்பிப் பார்த்தார். “அந்தப் பொண்ணு யாருன்னு போட்டிருக்கானா?”

“எனக்கு எங்க படிக்கத் தெரியுது.”

“நான் தனியாப் போனா குடிச்சிடுவேன்னு நினைக்கிறியா?”

“தெரியலை.”

“எனக்கும் தெரியலை” என்றார். “பயமாத்தான் இருக்கு.”

அந்தப் பயத்தை இத்தனை வருஷமும் தனக்கு மட்டும் உள்ளது என்று அவள் நினைத்திருந்தாள். அவரும் அதே மூட்டையைத்தான் தூக்கிக்கொண்டு அதே வீட்டில் வேறு பக்கமாக நடந்திருக்கிறார், பால் வாங்கப் போகும்போதெல்லாம். பாவமாக இருந்தது. சரி, நானும் வர்றேன், இங்க இருக்கலை என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வழக்கமாக வருவதுதான் அது, வந்ததும் சொல்லிவிடுவதுதான் வழக்கம். அவள் வாயை மூடிக்கொண்டு அது போகும்வரை இருந்தாள். போக நேரமாயிற்று. கையிலிருந்த மழைக்கோட்டை அவர் மடியில் வைத்தாள்.

“நான் இருக்கேங்க” என்றாள். “தினம் போன் பண்றேன். ஆனா ஒண்ணு. குடிச்சீங்கன்னா எங்கிட்ட சொல்லாதீங்க. குடிக்கலைன்னாலும் சொல்லாதீங்க. நான் அதைக் கேக்கப் போறதில்லை. சாப்பிட்டீங்களான்னு மட்டும் கேப்பேன்.”

அவர் கோட்டின் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்வாரோ என்று ஒருகணம் பார்த்தாள், சொல்லட்டும் என்றும் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். கீழே கண்ணாடிக் கதவு திறந்து எழில் வந்தாள், நனைந்த குடையை உதறிக்கொண்டு, அண்ணாந்து இரண்டு பேரும் படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் முகம் மாறி வேகமாக ஏறிவந்தாள். முதலில் அப்பா முகத்தைப் பார்த்தாள், மூக்கு லேசாக விடைத்தது. இவளுக்குமா என்று நினைத்தாள் மனோன்மணி.

“என்னம்மா? என்ன ஆச்சு? ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?”

“ஒண்ணும் ஆகலை. அப்பாவுக்கு முட்டி. டிக்கெட்டை மாத்திடு, எனக்கு மட்டும்.”

எழில் அப்பாவைப் பார்த்தாள். “மாத்திடும்மா” என்றார் வைத்தியலிங்கம், தரையைப் பார்த்து. பிறகு ஷூவை ஒருவழியாக மாட்டிக்கொண்டு, மகள் நீட்டிய கையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கினார். மனோன்மணி பின்னாலேயே இறங்கினாள். பாதியில் நின்று திரும்பினார்.

“வீட்ல துவரம்பருப்பு எங்க வெச்சிருக்கே?”

“அடுப்புக்கு மேல, ரெண்டாவது தட்டுல, அந்தச் செவப்பு மூடி டப்பாவுக்குப் பின்னால…” என்று ஆரம்பித்தாள். அதற்கப்புறம் உப்பு எங்கே, புளி எங்கே, கேஸ் எப்படி மூடுவது என்று வரிசையாக நாக்கில் வந்து நின்றன.

“தேடிப் பாருங்க” என்றாள். “கெடைக்கும்.”